பாதியில நின்னவங்க

அன்புள்ள அண்ணா,

புது மருந்தை ஆளுங்களுக்குக் கொடுத்து சோதிக்கற ஒரு கிளினிக்கல் டிரையல்ல நான் ஆராய்ச்சியாளரா இருக்கேன். நாலு வருஷம் உழைச்சோம், கடைசியில மருந்துக்கும் பிளாசிபோவுக்கும், அதாவது மருந்து மாதிரியே இருக்கற வெறும் மாத்திரைக்கும், வித்தியாசமே இல்லைன்னு வந்திருச்சு. ஆனா மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டவங்களை மட்டும் எடுத்துப் பாத்தா மருந்து நல்லா வேலை செய்யுது. பாதியில நின்னவங்களை விட்டுடலாமேன்னா எங்க மேடம் ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. மனசு விட்டுப் போச்சு. வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுத வரலாமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

எழுத வர்றதைப் பத்தி அப்புறம் பேசலாம். நாலு வருஷம் வீண்னு நினைக்காதீங்க, மருந்து வேலை செய்யலைன்னு தெரிஞ்சதும் ஒரு ரிசல்ட்தான், அதை அப்படியே பப்ளிஷ் பண்ணுங்க, அவ்வளவுதான். ஆனா "பாதியில நின்னவங்களை விட்டுடலாமே"ன்னு போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு சுருக்குன்னுச்சு. எத்தனை பேர் நின்னாங்கன்னு கூட எழுதலியேப்பா நீங்க.

கொரோனரி டிரக் புராஜெக்ட் பத்தி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்களே? மாரடைப்புல பிழைச்ச ஆம்பளைங்களுக்கு கொழுப்பைக் குறைக்கற குளோஃபைப்ரேட் கொடுத்துப் பாத்தாங்க. 1980ல வந்த கணக்கு இது. மாத்திரையில 80 சதவீதமாவது சாப்பிட்டவங்கள்ல அஞ்சு வருஷத்துல இறந்தவங்க 15 சதவீதம், அதுக்குக் கம்மியா சாப்பிட்டவங்கள்ல 24.6. இதோட நிறுத்தியிருந்தா மருந்து உயிரைக் காப்பாத்துதுன்னு உங்களை மாதிரியே சந்தோஷப்பட்டிருக்கலாம். பிளாசிபோ பக்கம் பாத்தா ஒழுங்கா சாப்பிட்டவங்க 15.1, சாப்பிடாதவங்க 28க்கு மேல! உள்ள மருந்தே இல்லாத மாத்திரை தம்பி அது. ஒழுங்கா மாத்திரை போடறவர் மத்த விஷயத்துலயும் உடம்பைப் பாத்துக்கறவரா இருக்கலாம், நிறுத்தினவர் உடம்பு மோசமாகித்தான் நிறுத்தியிருக்கலாம், யாருக்குத் தெரியும். எல்லாரையும் சேத்துப் பாத்தா மருந்துக்கு 20.0, பிளாசிபோவுக்கு 20.9, அவ்வளவுதான் வித்தியாசம். ரேண்டமா ரெண்டு பக்கமும் பிரிச்சதே இவங்களும் அவங்களும் ஒரே மாதிரி ஆளுங்களா இருக்கணும்னுதானே, அப்புறம் நீங்களா உக்காந்து பிடிச்சவங்களை மட்டும் பொறுக்கினா பிரிச்சதுக்கே அர்த்தம் இல்லாம போயிடுது. உங்க மேடம் சொல்றது நூத்துக்கு நூறு சரி. போய் அவங்க கிட்ட மன்னிப்பு கேளுங்க.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருதுன்னா, எங்க அப்பா அப்படிப் பாதியில நின்னவர்.

அவரும் இதய நோய்க்கு ஒரு டிரையல்ல சேந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் மிச்ச மாத்திரையை டப்பாவோட கொண்டு போகணும், அங்க ஒரு பொண்ணு எண்ணுவா. மூணாவது மாசம் தலைசுத்தல் வந்து, யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டார். ஆனா அந்தப் பொண்ணு எண்ணறப்ப கணக்கு சரியா வரணுமே, அதனால அங்க போறதுக்கு முந்தின ராத்திரி டப்பாவுல இருந்து வேண்டியதை எடுத்துத் தனியா வச்சிடுவார். கொஞ்ச நாள்ல போறதையே விட்டுட்டார், அப்புறம் ஒருநாள் போயே சேந்துட்டார்.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணுகிட்ட இருந்து போன் வருது, "சார், அப்பா எப்படி இருக்கார்?"னு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துதோ, செத்தவரை வச்சு உங்களுக்கு என்ன கணக்குன்னு கத்திட்டு வச்சிட்டேன். ஒரு வாரம் கழிச்சு அதே பொண்ணு திரும்பவும் கூப்பிட்டா. "திட்டுங்க சார், பரவாயில்ல. தேதி மட்டும் சொல்லிடுங்க. இல்லைன்னா அப்பா பேருக்கு நேரா 'தெரியவில்லை'ன்னுதான் நான் எழுதணும்" அப்படின்னா. குரல் நடுங்குச்சு அவளுக்கு.

தேதி சொன்னேன். தலைசுத்தலையும் சொன்னேன். அலமாரியில துணிக்கு அடியில ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள மாத்திரையா கிடந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எண்ணிச் சொல்ல முடியுமா சார்?"னு கேட்டா. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு தரையில உக்காந்து ஒண்ணொண்ணா எண்ணினேன். 46.