ஜெல் பொடி ஏன் உப்பவில்லை?

கேள்வி: காங்கேயம் பக்கம் இரண்டு ஏக்கரில் 140 தென்னங்கன்று வைத்திருக்கிறேன். போர் அரை மணி நேரம்தான் ஓடுகிறது. எடையைப்போல் 350 மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்று கடைக்காரர் 4 கிலோ ஜெல் பொடி கொடுத்தார். 10 கிராமை போர் தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் வடிகட்டினேன். ஒரு லிட்டர்தான் குடித்திருக்கிறது. கடையில் கேட்டால் "இரண்டு பங்காகப் போடுங்கள்" என்கிறார். எங்கள் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதனாலா என்று வீட்டில் கேட்கிறார்கள். பொடி போலியா? கூட்டிப் போடலாமா?

பதில்: கூட்டிப் போடாதீர்கள். போலியா என்று பார்க்க லேப் வேண்டாம். இன்னொரு 10 கிராமை மழைத்தண்ணீரிலோ, ஆர்.ஓ. கேன் தண்ணீரிலோ ஊறவையுங்கள். மூன்று லிட்டருக்கு மேல் குடித்தால் சரக்கு நல்லதுதான். குடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் உங்கள் வீட்டில் கேட்டார்களே, அதுதான் விஷயம்.

இந்தப் பொடி ஒரு பாலிமர். பாலிமர் என்பது சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீளச் சங்கிலி. பருத்தி நூல், பாதாம் பிசின், சொட்டுநீர்க் குழாய் எல்லாமே பாலிமர்தான். குழாயின் பாலித்தீனில் கார்பனும் ஹைட்ரஜனும்தான். தண்ணீர் ஒட்ட இடமே கிடையாது. உங்கள் ஜெல் பொடி அப்படியல்ல. அதன் சங்கிலி நெடுக கார்பாக்சிலேட் என்ற எதிர்மின் குழுக்கள். நனைந்ததும் ஒன்றையொன்று தள்ளும். சங்கிலி விரிந்து தண்ணீர் உள்ளே புகும். சங்கிலிகளுக்கிடையே அங்கங்கே முடிச்சு இருப்பதால் கரைந்து ஓடாமல் உப்பி நிற்கிறது.

தண்ணீரில் உப்பு இருந்தால் அந்தத் தள்ளல் அடங்கிவிடும். கால்சியம் இன்னும் மோசம். ஒரே அணு இரண்டு குழுக்களைப் பிடித்துச் சேர்த்துக் கட்டிவிடும், ஜெல் சுருங்கிவிடும். சோப்பில் இருப்பதும் கார்பாக்சிலேட்தான். அதையும் கால்சியம் பிடித்து வெள்ளைத் திப்பியாக்கிவிடுவதால்தான் நுரை வருவதில்லை. உங்கள் மண்ணில் சுக்கான் என்ற சுண்ணாம்புக் கல் இருந்தால் அதிலும் கால்சியம்தான், மழை பெய்தாலும் இதே கதைதான். குழியில் பொட்டாஷ் போட்டால் அதுவும் உப்பு. யூரியா அவ்வளவு கெடுக்காது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. நல்ல தண்ணீராகவே இருந்தாலும் இந்தப் பொடி எவ்வளவுதான் பிடிக்கும்? 4 கிலோவை 140 கன்றுக்குப் பிரித்தால் தலைக்கு 28 கிராம். 350 மடங்கு என்றால் பத்து லிட்டர். உங்கள் தண்ணீரில் மூன்று லிட்டர்கூட இல்லை. இந்தப் பெருக்கலைக் கடைக்காரர் போட்டுக் காட்ட மாட்டார், அவருக்கு "350 மடங்கு" என்ற சொல்லே போதும். இரண்டு பங்கு போடச் சொல்வது வேளாண்மை இல்லை, வியாபாரம். பொடியின் கார்பாக்சிலேட்டோடு சேர்ந்திருப்பது சோடியமா பொட்டாசியமா என்று பையில் அச்சிடாத சரக்கை நான் தொடுவதில்லை. டயப்பரில் இருப்பது சோடியம் ரகம். உப்புத் தண்ணீர் பாயும் காட்டுக்கு அது எதற்கு?

என்னைக் கேட்டால் தென்னை நார்க்கழிவு. நாலு கூட்டத்தில் சொன்னால் மூன்று பேர் சிரிக்கிறார்கள், பரவாயில்லை. அதில் இருக்கும் செல்லுலோஸ், லிக்னின் இரண்டும் பாலிமர்தான். காசு கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை, உங்கள் பக்கம் நார் மில்லுக்குக் குறைவில்லை. மக்கிய கழிவு தன் உலர் எடையைப்போல் ஐந்து மடங்கு தண்ணீர் பிடிக்கும். 350 எங்கே, ஐந்து எங்கே என்பீர்கள். குழிக்கு உலர் எடையில் பத்து கிலோ போட்டால் ஐம்பது லிட்டர் ஆயிற்றே! அதுவும் பஞ்சுபோலத் துளைகளில் தண்ணீர் நிற்பதால், கால்சியம் வந்து சுருக்கிவிடாது.

ஆனால் பச்சையாகக் கொட்டாதீர்கள். கார்பன்–தழைச்சத்து விகிதம் 112:1, கன்றுக்குரிய தழைச்சத்தை அதுவே தின்றுவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழக முறைப்படி ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, ஒன்றரைக் கிலோ புளூரோட்டஸ் காளான் வித்து. அடுக்கடுக்காகப் பரப்பி நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் இரண்டு மாதத்தில் கறுத்து, 24:1 அளவுக்கு இறங்கும். மில்லில் வருடக்கணக்காக வெயிலில் கிடந்த குவியல் மக்கியது என்பார்கள், நம்பாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள், பழுப்பாக இருந்தால் மக்கவில்லை.

வாங்கிய பொடியில் பிரிக்காத பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். வாங்க மறுத்தால் மழைத்தண்ணீர் ஊற்றும் நாற்றுப் பைகளுக்கு, பைக்கு ஒரு சிட்டிகை வீதம் போட்டுத் தீருங்கள்.