கிப்பு முடிச்சுல 305 ஏன் 35 ஆகுது?

கிப்புங்கிறது தென் அமெரிக்காவுல இன்கா மக்கள் கயித்துல முடிச்சு போட்டு கணக்கு வச்ச முறை. புக்குல இருக்கிற ஒரு கிப்பு கயித்தை நீங்க படிச்சா 35 வருது, புக்குல 305ன்னு இருக்கு, ஏன்னு கேட்டிருக்கீங்க. புக்குல போட்டிருக்கிற 305தான் சரி, உங்களுக்கு 35 வர்றதுக்குக் காரணம் நடுவுல முடிச்சே இல்லாம விட்டிருக்கிற இடம், அதுதான் சைபர், இன்கா கணக்குல சைபருக்குன்னு தனி முடிச்சு கிடையாது.

அநேகமா ஒரு கயித்தை மட்டும் தனியா பார்த்திருப்பீங்க. பக்கத்துக் கயிறுகளோட வச்சுப் பாருங்க, மேல நூறு, அதுக்குக் கீழ பத்து, அடியில ஒண்ணுன்னு ஒவ்வொரு இடமும் எல்லா கயித்துலயும் ஒரே மட்டத்துல நிக்கும், காலி இடம் தானா கண்ணுல படும். அடியில இருக்கிற நீள முடிச்சுல சுத்து எண்ணணும், 5 சுத்துன்னா 5. அந்த இடத்துல 1 வந்தா மட்டும் 8 வடிவத்துல ஒரு முடிச்சு, ஒரே சுத்துல நீள முடிச்சு போட முடியாதுல்ல!

மேல்பக்கமா போற கயிறு இருந்தா கூட்டிப் பாருங்க, பல கிப்புல தொங்குற கயிறுகளோட மொத்தம் அதுல இருக்கும், 1912ல லேலண்ட் லாக்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் காட்டினது இதைத்தான்.

ஆனா எல்லா கிப்புவும் கணக்கு இல்ல, சிலதுல முடிச்சு இந்த வரிசைக்கே அடங்காது, அதை இன்னும் யாரும் முழுசா படிக்கல.