விம் எடிட்டரின் உள்ளமைந்த செயல்கூறுகளைப் பைத்தானிலிருந்து அழைப்பது எப்படி?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்ட ஊர்ப்பெயர்க் கோப்பைப் பைத்தான் ஸ்கிரிப்டால் சரிபார்க்கிறேன். விம்மின் ஸ்ட்ர்லென் தரும் நீளத்தை எண்ணோடு ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்துவதில்லை. ஏன்?

பதில்: விம்மின் செயல்கூற்றைப் பைத்தானிலிருந்து இயக்கும் விம்.ஈவல், எண்களையும் சரமாகவே (எழுத்துத் தொடராகவே) திருப்பித் தரும். ‘தக்கலை’யைக் கொடுத்தால் கிடைப்பது 18 என்ற எண் அல்ல, "18" என்ற சரம். முதலில் இன்ட் போட்டு மாற்றுங்கள். (விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மில் எண்ணாகவே வரும்.)

மாற்றினாலும் 18-தான். ஸ்ட்ர்லென் எண்ணுவது பைட்டுகளை. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். குறியீடுகளை எண்ணும் ஸ்ட்ர்கேர்ஸ் 6 தரும், புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனியாகச் சேர்வதால். கண்ணுக்குத் தெரியும் நான்கு எழுத்து வேண்டுமென்றால் ஸ்ட்ர்கேர்ஸுக்கு இரண்டாம் அளபுருவாக (உள்ளீடாக) 1 கொடுங்கள்.

பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் ஒட்டி ஈவலுக்கு அனுப்பாதீர்கள். ‘செயின்ட் சேவியர்'ஸ்’ மாதிரி ஒரு பெயர் வந்தால் மேற்கோள் அங்கேயே முடிந்து பிழை வரும். உள்ளே இருக்கும் குறியை இரட்டித்தால் தப்பலாம். அதைவிட விம்.ஃபங்ஷன் நல்லது: செயல்கூற்றின் பெயரைக் கொடுத்துப் பொருளாக்கி, சாதாரண பைத்தான் செயல்கூறு போல அழைக்கலாம். எண் எண்ணாகவே வரும். ஆனால் சரம் பைட்ஸாக வரும், டிகோட் செய்ய மறக்காதீர்கள்.

எதுவுமே ஓடவில்லையா? விம்முக்குள் ஹேஸ் செயல்கூற்றிடம் ‘பைத்தான்3’ உண்டா என்று கேளுங்கள். 0 வந்தால் அந்த விம்மில் பைத்தான் வசதி இயங்கவில்லை; பெரும்பாலும் அவ்வசதி சேர்ந்த விம்மை நிறுவ வேண்டியிருக்கும்.