டைரியின் கடைசிப் பக்கங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. மாமியார் பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். வெளியூரில் இருக்கும் இளைய மருமகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போவாள். "ஏதாவது செய்யணுமாக்கா?" என்று கேட்பாள். "ஒண்ணும் வேண்டாம், நான் பாத்துக்கிறேன்" என்பேன். அவள் போனதும், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் அவள் புகழைத்தான் பாடுவார். என் டைரியின் கடைசிப் பக்கங்களில் தூங்காத இரவுகளையும் மருந்துச் செலவையும் தேதி போட்டு எழுதி வருகிறேன். ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. போன ஞாயிறு ஆலயத்தில் 1 கொரிந்தியர் 13 வாசித்தார்கள். எல்லாவற்றையும் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்றதும் என்னால் உட்கார முடியவில்லை. நாலு வருஷமும் வீண்தானா? நான் மாய்மாலக்காரியா?

பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

மாய்மாலக்காரி அப்படியொரு டைரி இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். முன்பின் தெரியாத எனக்கு அதைப் பற்றி எழுதவும் மாட்டாள். அந்தப் பயத்தை விடுங்கள்.

உங்களைக் குத்திய வசனத்தை இன்னொரு தரம் மெதுவாக வாசியுங்கள். "எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை" என்கிறார் அதை எழுதிய பவுல். எனக்கு! வாங்கிக்கொண்டவனுக்குப் பயன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் திருப்பிப் படுக்க வைத்தபோது அந்த முதுகுக்குக் காற்று கிடைத்தது. உங்கள் மனசில் அப்போது என்ன ஓடியது என்று அந்த முதுகு கேட்கவில்லை. நாலு வருஷம் வீண்போகவில்லை. காய்ந்து போயிருப்பது நீங்கள்.

டைரிக்கு வருவோம். அதே அதிகாரத்தில் 5ஆம் வசனம், அன்பு "தீங்கு நினையாது" என்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கணக்கு வழக்கில் புழங்கிய சொல். தனக்கு நேர்ந்த தீங்கை அன்பு பற்று எழுதி வைப்பதில்லை என்று பொருள். உங்களுக்கு உறுத்தியது நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கங்களில் இரண்டு கணக்கு கலந்து கிடக்கிறது. மருந்துச் செலவு ஒன்றும் பாவக் கணக்கு இல்லை. அது அந்த அம்மாவின் இரண்டு பிள்ளைகளும் பார்க்கவேண்டிய கணக்கு. காணிக்கை சேர்க்கும்போது பவுலே எழுதுகிறார்: மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமுமாக வேண்டாம், சமநிலை இருக்கட்டும் என்று (2 கொரிந்தியர் 8). அதைத் தனித்தாளில் எழுதி உங்கள் கணவர் கையில் கொடுங்கள். தம்பியிடம் பேச வேண்டியவர் அவர். கடிதம் முழுக்கத் தேடினேன், அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

தூங்காத இரவுகளின் கணக்குதான் உங்களைத் தின்கிறது. அதற்கு மார்த்தாளைத் தவிர வேறு ஆள் எனக்குத் தோன்றவில்லை. பிரசங்கங்களில் பாவம், தங்கை மரியாளை உயர்த்துவதற்காகவே அவளைத் தாழ்த்திவிடுகிறோம். லூக்கா 10ஐ எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த இயேசுவுக்காக ஒத்தையாய் வேலை செய்து ஓய்ந்தவள் நேரே அவரிடம் போய், "எனக்கு உதவிசெய்யும்படி அவளுக்குச் சொல்லும்" என்கிறாள். தங்கை பக்கத்திலேயே, அவர் பாதத்தருகில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை, "கொஞ்சம் எழுந்து வா" என்று சொன்னதாக இல்லை. நீங்களும் டைரியிடம் சொன்னீர்கள், என்னிடம் சொன்னீர்கள். சொல்ல வேண்டியவளிடம் "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். இன்னொன்று, யோவான் 12இல் பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு மார்த்தாள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். இந்த முறை முணுமுணுப்பு இல்லை. அவள் வேலையை ஆண்டவர் தள்ளிவிடவும் இல்லை.

அந்த "ஒண்ணும் வேண்டாம்" எனக்கும் பழக்கமான வார்த்தை. சில வருஷம் முன்பு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தேன். சபையிலிருந்து ஒரு சகோதரி வந்து சமையலறையில் பாத்திரம் துலக்க ஆரம்பித்தார். அவர் கழுவும் ஒவ்வொரு தட்டின் சத்தமும் எனக்குக் கேட்கிறது. "விடுங்க, நான் அப்புறம் பாத்துக்கிறேன்" என்று படுக்கையிலிருந்தே ஐந்தாறு தடவை கத்தியிருப்பேன். கடைசியில் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார். "எங்க வீட்ல நீங்க வந்து செஞ்சப்ப நான் இப்படித் தடுத்தேனா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கொடுத்தே பழகிவிட்டால் வாங்குவது தோற்றுப்போவது மாதிரி இருக்கிறது. சீஷர்களின் கால்களை இயேசு கழுவ வந்தபோது, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னது கேட்கத் தாழ்மையாகத்தான் இருக்கிறது. ஆண்டவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

மார்த்தாளுக்குச் சற்று முன்னால், அதே அதிகாரத்தில்தான் நல்ல சமாரியன் வருகிறான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், அன்றைக்குக் கூட இருந்து பராமரித்தான். மறுநாள்? சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, "நீ இவனை விசாரித்துக்கொள், அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன்" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். காயம் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை. இன்னொரு கையைச் சேர்த்துக்கொண்டான், அவ்வளவுதான். அதனால் அவன் அன்பு குறைந்ததென்று யாரும் சொன்னதில்லை.

மாமியாரின் பாராட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எப்போதோ வருகிறவள் விருந்தாளி, எப்போதும் இருக்கிறவள் வீட்டுச் சுவர் மாதிரி. சுவரைப் பாராட்ட யாருக்கும் தோன்றாது. வலிக்கத்தான் செய்யும். வலிக்கவில்லை என்று நடிக்க வேண்டாம்.

இளையவள் அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் போன் போடுங்கள். குத்திக்காட்டாமல், "என்னால தனியா முடியலம்மா. இந்தத் தடவை ரெண்டு ராத்திரி தங்குற மாதிரி வா" என்று மட்டும் சொல்லுங்கள். வராமல் போகலாம். அப்போது மாதத்தில் நாலு ராத்திரியாவது சம்பளத்துக்கு ஒரு ஆள் வைப்பதைப் பற்றி அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசட்டும்.

வந்தாள் என்றால் மருந்துப் பெட்டியைக் காட்டுங்கள், திருப்பிப் படுக்க வைக்கும்போது கை எங்கே இருக்கவேண்டும் என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். அப்புறம் அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவுக்கு அவளுக்கு வராது. தலையணை கோணலாக இருக்கும், போர்வை ஒரு பக்கம் தொங்கும். இரண்டு மணிக்குப் பழக்கத்தில் உங்களுக்கு விழிப்புத் தட்டும். பக்கத்து அறையில் அவள் நடக்கும் சத்தம் கேட்கும். எழுந்து போய்ச் சரிசெய்யாதீர்கள்.