உப்புக் காற்றில் வீட்டுச் சாமான்கள்: கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருகோணமலை நகரில் வானொலி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எனக் கைக்கு வந்த எல்லாவற்றையும் திருத்தியவன் என்ற முறையில் இப்பதில்களை எழுதுகிறேன். வாடை தொடங்கிவிட்டதால் கேள்விகளில் பெரும்பாலானவை ஈரத்தையும் உப்பையும் பற்றியவையாகவே வந்திருக்கின்றன.

கேள்வி (உப்புவெளி): நிலாவெளிக் கடலில் இறங்கியபோது காற்சட்டைப் பையில் இருந்த கைபேசி நனைந்துவிட்டது. இரண்டு நாள் அரிசிக்குள் வைத்து எடுத்தேன். திரை எரிகிறது, ஆனால் ஒலி வரவில்லை, சார்ஜும் ஏறவில்லை. இன்னும் சில நாள் வைத்துப் பார்க்கலாமா, ஐயா?

பதில்: வேண்டாம், தம்பி. மழையில் நனைந்த கைபேசி வேறு, கடலில் நனைந்த கைபேசி வேறு. மழை நீர் உலர்ந்தால் பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் இராது. ஒரு லீற்றர் கடல் நீர் உலர்ந்தாலோ முப்பது கிராமுக்கு மேல் உப்பு அங்கேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். வாடைக் காலத்தில் நமது இரவுக் காற்று இந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுவதால், பகலில் உலர்ந்துவிட்டதாக நீங்கள் நினைத்த கைபேசி இரவில் மறுபடியும் உள்ளுக்குள் நனைகிறது. அரிசி ஈரத்தை இழுப்பதே சொற்பம், உப்பை அது தொடவே தொடாது. போதாததற்கு அதன் மாவுத்தூள் சார்ஜர் செருகும் துளைக்குள் போய்ப் பசைபோல் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைபேசியை அணைத்து வைத்தாலும் பற்றரி இணைந்திருக்கும்வரை உட்பலகையின் சில இடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். உப்பு நீரும் மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு கரைந்து பச்சைக் களிம்பாக மாறும். ஆகவே உடனே அணைத்துவிடுங்கள். ஏறவில்லையே என்று சார்ஜரைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். பற்றரி உப்பியிருந்தால் வீட்டுக்குள் வைக்கவும் வேண்டாம். இன்றே ஒரு திருத்துநரிடம் கொடுத்து, திறந்து பற்றரியைக் கழற்றி, பலகையை ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட மென்மையான தூரிகையால் கழுவச் சொல்லுங்கள். இரண்டு நாள் கடந்துவிட்டதால் பிழைக்கும் என்று உறுதி கூற மாட்டேன், ஆயினும் திரை எரிவது நல்ல அறிகுறிதான்.

இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், கரைக்கு வந்ததும் கைபேசியை அணைத்து, சிம் தட்டைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். நனைந்ததை மேலும் நனைப்பதா என்று தயங்க வேண்டாம். முதலில் வெளியேற வேண்டியது உப்புத்தான். கார்ப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் கிடைத்தால் இன்னும் சிறப்பு. பெட்டியில் ஐபி68 என்று நீர்புகாத் தரக் குறியீடு அச்சிட்டிருப்பதை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம், அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது.

கேள்வி (உவர்மலை): கூரை மின்விசிறியைக் கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது, அதுவும் மெதுவாக. மோட்டார் எரிந்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள்.

பதில்: வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள், அம்மா. பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையை விரலால் மெல்லத் தட்டுங்கள். தடையின்றிச் சில சுற்றுச் சுற்றி நின்றால் பேரிங்கில் பழுதில்லை. எரிந்த மோட்டார் பெரும்பாலும் கருகிய வாடை வீசும், தள்ளிவிட்டாலும் ஓடாது. தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது, மேலே கிண்ணம்போன்ற மூடிக்குள் இருக்கும் கப்பாசிட்டரைத்தான். அதன் மேல் 2.5 மைக்ரோபராட் என்றோ அதற்கு அண்மையான ஓர் எண்ணோ இருக்கும். அதே எண்ணுள்ளதையே வாங்குங்கள். வேகம் கூடும் என்று பெரியதைப் போட்டால் மோட்டார் சுருள் சூடாகி, அந்தக் கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். பழைய கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும் என்பதால் வயர் முனைகளைத் தொடாமல் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள். தட்டும்போது கறகறவென்று சத்தம் வந்தால் மட்டும் பேரிங்கை மாற்ற வேண்டும்.

கேள்வி (திருக்கடலூர்): வள்ளத்துக்குக் கொண்டுபோகும் டோர்ச்சுக்குள் பற்றரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எதனால் துடைப்பது?

பதில்: பற்றரியின் உறையில் அல்கலைன் என்று இருந்தால் கசிந்தது காரம், தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்ட பஞ்சால் துடையுங்கள். மலிவான சாதாரண பற்றரியானால் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்கு அப்பச்சோடா கரைத்த நீர். எதுவானாலும் இறுதியில் நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்தி, ஸ்பிரிங் பளிச்சிடும்வரை உரைதாளால் தேய்த்துவிடுங்கள். கடலுக்குப் போகாத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி (சல்லி): தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, தாங்கிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

பதில்: கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில் மணலோ இலையோ சிக்கியிருக்கும். குழாயில் நீர் நிரப்பிப் பாருங்கள். நிரப்ப நிரப்ப இறங்கினால் வால்வுதான். இறங்காமலிருந்தும் ஏறவில்லையென்றால் உறிஞ்சு குழாயின் பொருத்துகளில் எங்கோ காற்று நுழைகிறது. தண்ணீரின்றி மோட்டாரை ஓடவிட்டால் சீல் கருகிவிடும்.

கேள்வி (அலஸ்தோட்டம்): மழை இரவுகளில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. தெரிந்த ஒருவர் அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடலாம் என்கிறார்.

பதில்: அந்த யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். 30 மில்லியம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து உங்கள் உயிரைக் காப்பதற்காக வைக்கப்பட்ட கருவி அது; விழுகிறது என்றால் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கடற்கரை வீடுகளில் நான் முதலில் பார்ப்பது படலையடி விளக்கையும் அழைப்பு மணியையும்தான், ஏனெனில் அங்குள்ள இணைப்புகளில் படிந்த உப்பு மழைத் துளி பட்டதும் மின்சாரத்துக்கு வழி திறந்துவிடும். எல்லாச் செருகிகளையும் கழற்றிவிட்டுச் சுவிட்சை மேலே தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகி, எதில் விழுகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் விழுந்தால் பழுது வயரிங்கில் இருக்கிறது. அது மின்பணியாளரின் வேலை.

கேள்வி (மூதூர்): அம்மம்மாவின் கைத்தையல் மெஷின் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டும் அசையவில்லை.

பதில்: தங்கை, தேங்காய் எண்ணெய் நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும், இறுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் கைச்சில்லை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பலம் பிரயோகிக்க வேண்டாம். கறுத்த அழுக்கு வழிந்து வரும்; அது நிற்கும்வரை துடைத்துத் துடைத்து மண்ணெண்ணெய் விட்டு, பின்பு தையல் மெஷின் ஒயிலைத் துளைக்கு ஒரு துளி வீதம் இடுங்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இப்படிப்பட்ட மெஷின்கள் பல என்னிடம் வந்தன. கரையோரக் கிணறுகளில் உப்பேறியிருந்ததால் பவுசரில் வந்த குடிநீரில் கொஞ்சம் கேட்டு வாங்கித்தான் அவற்றைக் கழுவினேன். உடனே கொண்டுவந்தவை மீண்டும் தைத்தன. பத்து நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தவற்றில் ஊசித்தண்டு துருவோடு ஒட்டி, சுத்தியலுக்கும் அசையவில்லை. உங்களுடையது எண்ணெய்ப் பிசினால் இறுகியதுபோலத்தான் தெரிகிறது. ஓடத் தொடங்கியதும் முதலில் ஒரு பழந்துணியில் தைத்துப் பாருங்கள், எஞ்சிய எண்ணெய் நல்ல சேலையில் கறையாகிவிடும்.