26 வயது வரை காப்புறுதி என்றால் பல்லும் அதில் அடங்குமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறங்களில், அமெரிக்காவில் குடியேறிய உறவினரின் பிள்ளைகளைப் பற்றி இக்கேள்வி எழுவதுண்டு. அங்கு 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்புறுதிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் மருத்துவக் காப்புறுதி, அவர்கள் 26 வயதை எட்டும்வரை பெற்றோரின் பத்திரத்திலேயே நீடிக்க இடமளிக்க வேண்டும். ஆனால் தனியாக விற்கப்படும் பல் காப்புறுதியை அவ்விதி கட்டுப்படுத்தாது, ஏனெனில் பல் சிகிச்சைக்கான காப்புறுதி அங்கே நெடுங்காலமாகவே தனி வணிகமாக இருந்துவர, சட்டமும் (வாய் உடலின் பகுதியே அல்ல என்பதுபோல) அதை அப்படியே விட்டுவிட்டது. நம் தோட்டத்து லயத்து வீட்டைப் போலத்தான் இதுவும்: வீட்டுக் கூரை ஒழுகினால் நிர்வாகம் தகரம் மாற்றித் தரும். பின்புறம் நாமே இழுத்துக் கட்டிய சமையலறைக்குத் தகரம் நம் செலவு. 19 வயதுக்குட்பட்டோருக்குப் பல் பராமரிப்பு அச்சட்டம் வகுத்த அத்தியாவசியப் பலன்களில் (காப்புறுதியில் அடங்க வேண்டிய அடிப்படைச் சிகிச்சைகளில்) ஒன்று என்பதைக் கேட்டு, 22 வயது மகனுக்கும் அது பொருந்துமெனப் பலர் எண்ணுகின்றனர். பொருந்தாது, அவனுடைய பல் காப்புறுதியின் வயது வரம்பைத் தனியே பார்க்க வேண்டும்.