97 விழுக்காடு ஆதரவு, 23 விழுக்காடு வாக்குப்பதிவு: புவேர்ட்டோ ரிக்கோவின் 2017 வாக்கெடுப்பை மக்கள் தீர்ப்பாக ஏற்கலாமா?

சட்டப்படி பார்த்தால், அமெரிக்காவின் கீழுள்ள இந்தத் தீவு ஒரு மாநிலமாக வேண்டுமா என்று 2017 ஜூன் 11 அன்று நடந்த அந்த வாக்கெடுப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. ஒரு பிரதேசத்தை மாநிலமாகச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்த மக்கள் உண்மையிலேயே மாநிலத் தகுதியை விரும்பினார்களா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த 97-ஐ வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, 23-ஐ வைத்து இல்லை என்றும் சொல்ல முடியாது.

பின்னணி தெரியாதவர்களுக்காக: 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட தீவு இது. 1917 முதல் அங்குள்ளவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் குடியிருக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது. பிரதிநிதிகள் சபைக்கு அவர்கள் அனுப்பும் ஒரே உறுப்பினர் பேசலாம், மசோதா நிறைவேறும்போது வாக்களிக்க முடியாது. அதே ஆள் விமானம் ஏறி ஃப்ளோரிடாவில் குடியேறிவிட்டால் அதிபரைத் தேர்ந்தெடுக்கலாம்! இந்த அநியாயம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நீடிக்கிறது.

சரி, 2017-ல் என்ன நடந்தது? முதலில் வாக்குச்சீட்டில் இரண்டே வாய்ப்புகள் இருந்தன: ஒன்று மாநிலம், மற்றொன்று 'விடுதலை அல்லது சுதந்திரக் கூட்டுறவு' (தனி நாடாகி அமெரிக்காவுடன் உடன்பாட்டின்படி சேர்ந்திருப்பது). இப்போதுள்ள நிலை ஏன் விடுபட்டது என்று அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகம் ஆட்சேபித்ததும், 'தற்போதைய பிரதேச நிலை' என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதைச் சேர்த்ததற்காக விடுதலைக் கட்சி வெளியேறியது. இப்போதுள்ள ஏற்பாட்டை ஆதரிக்கும் மக்கள் ஜனநாயகக் கட்சியோ, தங்கள் நிலைப்பாட்டை அடிமைப் பிரதேசம் போலக் காட்டுகிறார்கள் என்று சொல்லிப் புறக்கணித்தது. ஆக, மாநிலத் தகுதி கேட்கும் புதிய முற்போக்குக் கட்சி மட்டும் களத்தில் நின்றது.

குறைந்த வாக்குப்பதிவுக்குப் புறக்கணிப்புதான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. விழுக்காட்டை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணிப் பாருங்கள். 2012-ல் மாநிலத் தகுதிக்கு விழுந்த ஓட்டு ஏறக்குறைய 8 லட்சத்து 34 ஆயிரம். 2017-ல் சுமார் 5 லட்சம். புறக்கணிக்கச் சொன்னது எதிர்த்தரப்பு. ஆனால் ஆதரவாளர்களிலேயே 3 லட்சம் பேருக்கு மேல் குறைந்திருக்கிறார்கள்!

இதற்கு ஒரு காரணத்தை நான் பக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறேன். ஃப்ளோரிடாவில் என்னுடன் வேலை பார்த்த ஒருவர் புவேர்ட்டோ ரிக்கோவின் போன்ஸே ஊர்க்காரர். அவருடைய அம்மா பழுத்த நீலக் கட்சிக்காரர், அதாவது புதிய முற்போக்குக் கட்சி. அதன் பனைமரச் சின்னத்தைத் தவிர வேறெதிலும் குறி போட்டதில்லையாம். அவரே அன்று போகவில்லை. "எத்தனை தடவை சொல்வது? வாஷிங்டனில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?" என்று மகனிடம் கேட்டிருக்கிறார். 1967, 1993, 1998, 2012 என்று ஏற்கெனவே நான்கு முறை நடந்துவிட்டது. அதிலும் 2012-ல் பொதுத்தேர்தலோடு சேர்த்து நடந்தது. 2017-ல் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய மாதம்தான் கடனைக் கட்ட முடியாமல் தீவின் அரசு திவால் நடவடிக்கைக்காக நீதிமன்றம் ஏறியிருந்தது. வேலை தேடிக் குடும்பம் குடும்பமாக வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது.

வராத எல்லோரையும் 'வேண்டாம்' பக்கம் எழுதிக்கொள்வதும் தவறுதான். அந்த அம்மாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதேபோல வந்தவர்களின் விழுக்காட்டை மட்டும் பிடித்துக்கொள்வதும் ஏமாற்று. 2012-ல் மாநிலத் தகுதிக்கு 61 விழுக்காடு என்று பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் எந்த நிலை வேண்டும் என்ற கேள்வியை வெற்றாக விட்டவை மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் சீட்டுகள். அவற்றையும் சேர்த்தால் ஆதரவு 45-ஐக்கூடத் தொடவில்லை.

நான் ஓரளவு நம்புவது 2020 நவம்பர் முடிவைத்தான். வேண்டுமா, வேண்டாமா என்று ஒரே கேள்வி. எதிர்த்தவர்களும் வந்து 'வேண்டாம்' போட்டார்கள். வாக்குப்பதிவு 55 விழுக்காட்டை ஒட்டி. ஆதரவு 52.5. மெலிதான பெரும்பான்மைதான், ஆனாலும் பெரும்பான்மை. இதை வாஷிங்டன் பொருட்படுத்தாததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம், வாக்குப்பதிவு போதாது என்று பிறகு குறை சொல்பவர்கள் எவ்வளவு போதும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2006-ல் ஐரோப்பாவின் மாண்டினீக்ரோ செர்பியாவிடமிருந்து பிரிந்துபோக வாக்களித்தபோது, பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும், அதில் 55 விழுக்காடு ஆதரவு வேண்டும் என்று முதலிலேயே விதி வைத்தார்கள். 86 விழுக்காட்டினர் வந்தார்கள், ஆதரவு 55.5. மயிரிழையில் தாண்டினாலும் தாண்டியதாகவே உலகம் ஏற்றது.

ஹவாயில் முறையே வேறு. 1959 மார்ச்சில் காங்கிரஸ் சேர்க்கைச் சட்டத்தை முதலில் நிறைவேற்றியது, ஜூனில் மக்கள் அதை ஏற்று வாக்களித்தார்கள், ஆகஸ்டில் மாநிலமாகிவிட்டது. ஓட்டுப் போட்டால் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் அப்படி ஒரு வாக்கெடுப்பு வேண்டும். காங்கிரஸைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்புக்கான மசோதா 2022 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 233-க்கு 191 என்று நிறைவேறியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. சில வாரங்களில் மசோதா காலாவதியானது. 2024 நவம்பரில் தீவு மக்கள் மறுபடியும் ஓட்டுப் போட்டார்கள், அதுவும் யாரையும் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்புதான்.